வியாசர்பாடியின் கால்பந்தும் நம் பிள்ளைகளின் படிப்பும்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தில் சில காலமாகவே ஒரு வழக்கு நடந்து வருகிறது. கால்பந்துக் குழு ஒன்று தொடங்கித் தருமாறு இளைஞர்கள் கேட்கிறார்கள். "மாலை வகுப்புக்கே பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை, பந்தையும் கொடுத்துவிட்டால் புத்தகத்தை யார் தொடுவார்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். இரு சாராரும் நம்மவர்களே. இரு சாரார் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பந்து வேறு, படிப்பு வேறு என்ற ஒரே எண்ணத்தின் மேல் நின்றுகொண்டுதான் இருவரும் வழக்காடுகிறார்கள். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வதற்குச் சென்னை வியாசர்பாடியில் ஒரு சங்கம் தோன்றி வளர்ந்த வரலாறு பெரிதும் துணை செய்யும். அதனை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறோம்.

வியாசர்பாடிக்குச் செல்லுமுன் நம் மண்ணில் நடந்த ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைத் தம் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடலாகாது. தலைமுடியைக் கத்தரித்துக் கிராப்பு வைத்துக்கொள்ளலாகாது. வீட்டில் மண்பாண்டம் அன்றி வேறு பாத்திரம் புழங்கலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, காலில் செருப்பு அணியலாகாது. இத்தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியமும் கால்நடைகளும் சூறையாடப்பட்டன. அப்படியும் நம் மக்கள் முழுமையாக அடங்கவில்லை போலும். 1931 ஜூனில் மறுபடியும் கூடித் தடைகளைப் பதினொன்றாக்கினார்கள். அவற்றுள் இரண்டை நம் சங்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆதிதிராவிடர் குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றல் கூடாது என்பது ஒன்று. அக்குழந்தைகள் மிராசுதார்களின் மாடுகளை மேய்க்கும் வேலையை மட்டுமே செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

இப்பொழுது ஒரு கால்பந்தாட்டக்காரனை எண்ணிப் பாருங்கள். உடம்பில் பனியன், காலில் பூட்ஸ், தலையில் கிராப்பு, பொழுதோ அவனுடைய சொந்தப் பொழுது. 1930 ஆம் ஆண்டின் தடைப்பட்டியலில் அவன் மீறாதது அனேகமாக ஒன்றுமில்லை. முழங்காலுக்கு மேல் நிற்கும் அவனது அரைக்கால் சட்டை ஒன்றுக்குத்தான் அவர்கள் சட்டத்தில் இடம் இருந்திருக்கும்! நாம் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நம் பாட்டனார் காலத்தில் சட்டையும் செருப்பும் படிப்பும் ஒரே பட்டியலில் வைத்துத் தடுக்கப்பட்டன. தடுத்தவர்களுக்கு உடம்பின் விடுதலையும் அறிவின் விடுதலையும் ஒன்றே என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. நாம்தான் அவற்றை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு வாதாடுகிறோம்.

விளையாட்டுக் களத்திலும் தீண்டாமை இருந்தது என்பதற்குப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கையே சான்று. தோல் தொழில் செய்யும் சமூகத்தில் 1876 இல் பிறந்த அவர், பூனாவில் வெள்ளையர் மன்றத்தில் ஆடுகளத்தைச் செப்பனிடும் வேலைக்காரராக இருந்தவர்; அவர்களுடைய பயிற்சிக்குப் பந்து வீசி வீசியே பெரும் பந்துவீச்சாளர் ஆனார். இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் கூடத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. 1911 இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பியவரும் அவரே. அணித்தலைவர் பதவி மட்டும் கடைசிவரை அவருக்குக் கிட்டவில்லை. கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. களத்தைப் பெருக்கியவரே களத்தில் சிறந்தவராகவும் விளங்கினார் என்பதைச் சுட்டவே இதனைக் கூறினோம். வியாசர்பாடியிலும் கதை களத்தைப் பெருக்குவதிலிருந்துதான் தொடங்குகிறது.

வடசென்னை உழைப்பாளிகளின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரம்பூர்ப் பகுதியில் எழுந்த பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளும், ரயில்வே பணிமனைகளும், துறைமுகமும் சுற்றுப்புற மாவட்டங்களின் நிலமற்ற மக்களை இழுத்துக்கொண்டன. சேரியில் பண்ணையாளாக இருந்தவன் இங்கே வாரக்கூலி வாங்கும் தொழிலாளி ஆனான். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1921 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் பிறர்க்கும் பிளவு ஏற்பட்டுப் புளியந்தோப்புப் பகுதி தீக்கிரையானதும் தனியே எழுதப்பட வேண்டிய வரலாறு. 1955 இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றுக்கு நடுவே, கால்வாயும் தண்டவாளமும் சூழ்ந்த தாழ்ந்த நிலப்பகுதியாக, மழை பெய்தால் வீட்டுக்குள் நீர் புகும் குடியிருப்பாக வியாசர்பாடி வளர்ந்தது. அண்ணல் அம்பேத்கர் பெயர் தாங்கிய அரசு கலைக் கல்லூரி 1973 இல் தொடங்கப்பட்டது இவ்வூரில்தான்.

இத்தகைய பகுதிகளில் கால்பந்து வேரூன்றியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். மட்டையோ கையுறையோ வலையோ வேண்டா; நான்கு செங்கற்களை வைத்தால் இரண்டு பக்கமும் இலக்கு ஆயிற்று. பூட்ஸ் இல்லையென்றாலும் ஆட்டம் நிற்காது. 1960 ரோம் ஒலிம்பிக்கிலும், 1962 இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்தராபாத்தில் வறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் காவலர்கள் கழித்துப் போட்ட பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடியவர் அவர். வியாசர்பாடித் தெருக்களில் பலராமின் பெயர் தெரியாத பையன்களும் அவரைப் போலவே ஆடிக்கொண்டிருந்தார்கள். அவ்வூரைச் 'சின்ன பிரேசில்' என்று பத்திரிகைகள் அழைக்கலாயின. 2014 இல் வெளிவந்த 'மெட்ராஸ்' திரைப்படத்தில் அவ்வூர் இளைஞர்களின் கால்பந்தைக் கண்டவர்கள் நம்மில் பலர் உண்டு.

கால்பந்து அங்கே வெறும் பொழுதுபோக்கன்று. அது வேலைவாய்ப்பாகவும் இருந்தது. ரயில்பெட்டித் தொழிற்சாலை, தென்னக ரயில்வே, துறைமுகம், வங்கிகள் முதலியவை தத்தமக்கு அணிகள் வைத்திருந்தன. நன்றாக ஆடுபவனை வேலைக்கு எடுத்துக்கொண்டன. தந்தைக்குக் கிட்டாத மாதச் சம்பளம் மகனுக்குப் பந்தினால் கிட்டியது. ஆயினும் இந்த வழியில் ஒரு பெருங்குறை இருந்தது. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எட்டாம் வகுப்போடும் ஒன்பதாம் வகுப்போடும் பள்ளியை விட்டவர்கள் பலர். முழங்காலில் ஒரு அடி பட்டுவிட்டால் பந்தும் போயிற்று, படிப்பும் இல்லை. தொண்ணூறுகளில் ஆலைகளும் ஓய்ந்தன. பக்கிங்காம் கர்னாடிக் ஆலை 1996 இல் மூடப்பட்டது. பொது நிறுவனங்கள் ஆள் எடுப்பதும் குறைந்தது. வேலையற்ற இளைஞர்கள் தெருமுனையில் நிற்பதும், அவர்களைச் சந்தேகக் கண்ணோடு காவல் துறை நோக்குவதும், ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை தர மறுப்பதும் அக்காலத்து வடசென்னையின் நிலை. நம் பெரியவர்கள் பந்தைக் கண்டு அஞ்சுவதும் இந்த நிலையை எண்ணித்தான். அவர்கள் அச்சத்தை நாம் பழிக்கமாட்டோம்.

அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில், வியாசர்பாடியைச் சேர்ந்த உமாபதி, தங்கராஜ் என்ற இரு கால்பந்து அன்பர்கள் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். ஸ்லம் சில்ட்ரன் ஸ்போர்ட்ஸ் டேலன்ட் அண்ட் எஜுகேஷன் டெவலப்மென்ட் சொசைட்டி என்பது அதன் நீண்ட பெயர். குடிசைப் பகுதிச் சிறுவர்களின் விளையாட்டுத் திறனையும் கல்வியையும் வளர்க்கும் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். பெயர் வாயில் நுழையவில்லை என்று சிலர் நகைக்கக்கூடும். நமக்கோ அந்தப் பெயரில் 'கல்வி' என்ற சொல் இருப்பதே முதன்மையாகத் தோன்றுகிறது. பெயர்ப்பலகையில் அச்சொல்லை எழுதிவிட்டவர்கள் பிறகு அதற்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும் அன்றோ?

அவர்கள் முதலில் செய்தது முல்லை நகர்த் திடலைத் துப்புரவு செய்ததே. அது குப்பை கொட்டும் இடமாகவும், பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் அஞ்சும் இடமாகவும் கிடந்தது. அதைப் பெருக்கி, மேடு பள்ளம் நிரவி, பிள்ளைகள் ஓடுவதற்கு உரியதாக்கினார்கள். பிறகு ஒரு விதி வகுத்தார்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குத்தான் பந்து. இடையில் நின்றுவிட்ட பிள்ளை திடலுக்கு வரலாம். வந்தால் அவனை மறுபடி பள்ளியில் சேர்ப்பது சங்கத்தின் வேலை. கட்டணம் கிடையாது. காலையும் மாலையும் பயிற்சி. பயிற்சியோடு மாலைப் படிப்பு. சிறுவர்களுக்கு மட்டுமன்றிச் சிறுமிகளுக்கும் இவ்விதியே.

இந்த விதியின் வலிமையைத் தலைமையாசிரியர் பணியில் இருப்பவர் என்ற முறையில் நாம் சற்று விரித்துரைக்க வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளையை வரவழைக்க நம்மிடம் உள்ள கருவிகள் யாவை? பெற்றோரை அழைத்து வரச் சொல்வோம். அவர்கள் அன்றைய கூலியை விட்டு வர இயலாது. வீட்டுக்கு ஆசிரியரை அனுப்புவோம். வீடு பூட்டிக் கிடக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டம் பிள்ளையைத் தெருவில் தேடிப் பிடித்துக் கொண்டுவராது. வியாசர்பாடி விதியில் நடப்பது என்ன? சனிக்கிழமை ஆட்டத்தில் இடது பக்கம் ஆட வேண்டியவன் வியாழக்கிழமை பள்ளிக்கு வராவிட்டால் அவனோடு ஆடும் பத்துப் பேருக்கும் நட்டம். அவர்களே அவன் வீட்டுக்குப் போய் இழுத்து வருவார்கள். ஆசிரியர் பத்துத் தடவை சொல்லி நடக்காதது தோழன் ஒரு தடவை கூப்பிட்டால் நடக்கும். வருகைப் பதிவேடு அச்சுறுத்தும் ஏடாக இல்லாமல் அணியில் இடம் பெறும் சீட்டாக மாறிவிடுகிறது. இவ்வளவு எளிய வழியை நம் கல்வித் துறையில் நாம் கையாளாதது வியப்பே. பல பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கடன் வாங்கிக்கொள்வதும், அக்கடன் ஒருநாளும் திருப்பித் தரப்படாததும் ஊரறிந்த செய்தி.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. அச்சங்கத்தில் பயின்று வளர்ந்தவர்களே இளையவர்களுக்குப் பயிற்றுநர்களாக நிற்கிறார்கள். காசு கொடுத்து வெளியாளை அமர்த்தினால் காசு தீர்ந்த அன்று பயிற்சியும் தீர்ந்துவிடும். தெருவில் வளர்ந்தவனுக்கோ எந்தப் பையன் ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்பது தெரியும். பந்தால் உயர்ந்தோர் வரிசையில் அவ்வூரைச் சேர்ந்த தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் இந்திய சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எப்.சி. அணியில் இருந்தார். அவரைப் போன்றோர் ஆயிரத்தில் ஒருவரே. ஒரு சங்கத்தை எடைபோட அவர் ஒருவர் பெயர் போதாது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ அலுவலக வேலையோ பெற்று, இன்று தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெயர் தெரியாத மற்றவர்களையும் எண்ண வேண்டும். தமிழ்நாட்டரசின் பணிகளில் திறன்மிக்க விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிந்து வைத்தல் நலம். அந்த ஒதுக்கீட்டுக்கும் கல்வித் தகுதி வேண்டும் என்பதைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்வார்களாக.

திடலைப் பற்றி மேலும் சில சொற்கள். சென்னை போன்ற மாநகரில் கால் காணி வெற்றிடம் என்பது பலர் கண்ணை உறுத்தும் பொருள். குடிசைப் பகுதியிலுள்ள திடலுக்குப் பட்டா யார் பெயரில் இருக்கும்? மாநகராட்சி, வாரியம், ரயில்வே என ஏதேனும் ஒரு பொது அமைப்பின் பெயரில் இருக்கும். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும் வரைதான் அது திடல். ஓராண்டு ஆட்டம் நின்றால் ஒரு பக்கம் வண்டிகள் நிற்கும். மறு பக்கம் மணலும் ஜல்லியும் குவியும். நிலம் எப்படிப் போகும் என்பதை நம் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையின் பேரில் 1892 முதல் நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் யாரிடம் இருக்கின்றன என்று இன்றளவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். எனவே நாள்தோறும் காலையில் திடலில் கோடு போடுவது விளையாட்டுக்கு மட்டும் செய்யும் ஏற்பாடன்று; அது அனுபோகத்தை நிலைநாட்டுவதும் ஆகும்.

இதேபோன்ற முயற்சி நாகபுரியிலும் நடந்தது. 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய அந்த நகரில், ஹிஸ்லாப் கல்லூரி உடற்கல்வி ஆசிரியர் விஜய் பார்சே, 2001 ஆம் ஆண்டு ஒரு மழை நாளில், குடிசைப் பகுதிப் பிள்ளைகள் உடைந்த வாளியொன்றை உதைத்து ஆடுவதைக் கண்டார். அவர்களிடம் ஒரு பந்தைக் கொடுத்தார். அதன்பின் குடிசைப் பகுதி அணிகளுக்கென்றே ஒரு போட்டி அறிவித்தபோது 128 அணிகள் வந்து நின்றனவாம். மாநகரில் இத்தனை அணிகள் இருந்தும் அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை! 'ஸ்லம் சாக்கர்' என்ற பெயரில் வளர்ந்த அவ்வமைப்பு, வீடற்றோர்க்கான உலகக் கோப்பைக்கு இந்திய அணிகளை அனுப்பிற்று. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 2003 இல் தொடங்கிய அப்போட்டியில் அணிக்கு நான்கு பேரே ஆடுவர். சிறிய களமே போதும். பார்சே தம் ஓய்வுக்காலப் பணத்தைக் கொண்டு நகருக்கு வெளியே நிலம் வாங்கினார் என்பதை ஆசிரியர் இனத்தைச் சேர்ந்த நாம் பெருமையோடும் சிறிது கூச்சத்தோடும் எழுதுகிறோம். அவர் கதை 2022 இல் 'ஜுண்டு' என்ற இந்தித் திரைப்படமாகவும் வந்தது. தலித் சமூகத்தில் பிறந்த நாகராஜ் மஞ்சுளே அதனை இயக்கினார்.

கடல் கடந்தால் கென்யா நாட்டு நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதி. அங்கு 1987 இல் பாப் மன்ரோ என்ற கனடா நாட்டவரின் முயற்சியால் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஒரு புதுமையைச் செய்தது. அணிகளின் புள்ளிப் பட்டியலில் ஆட்டத்தில் வென்றால் மட்டுமன்றி, தெருவின் குப்பையையும் சாக்கடை அடைப்பையும் அகற்றினாலும் புள்ளிகள் உண்டு. நன்றாக ஆடியும் துப்புரவுக்கு வராத அணி பட்டியலில் கீழே இறங்கும். பயிற்சி கொடுக்கும், நடுவராக நிற்கும் பிள்ளைகளுக்கும் புள்ளிகள் உண்டு; மிகுதியாகப் பெற்றவர்க்குப் பரிசுப் பணம் கையில் தரப்படுவதில்லை, பள்ளிக் கட்டணமாகப் பள்ளிக்கே செலுத்தப்படுகிறது. 1994 இல் அவர்கள் அமைத்த மத்தாரே யுனைடெட் அணி 2008 இல் கென்ய நாட்டின் முதல்நிலைக் கோப்பையை வென்றது.

இவ்விடத்தில் நமக்கு ஒரு மறுப்பும் உண்டு. குப்பை அள்ளுதல் நம் மக்கள் மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட தொழில். மத்தாரேயில் அது ஊர்த் தொண்டு. இங்கே அதையே விதியாக்கினால் சேரிப் பிள்ளைகள் குப்பை அள்ளுவது இயல்புதானே என்று பார்ப்போர் எண்ணக்கூடும். தம் திடலைத் தாமே பெருக்குவது வேறு. ஊராரின் தெருவைப் பெருக்குவது வேறு. வியாசர்பாடியார் முதலாவதோடு நின்றார்கள். அதுவே நமக்கும் பொருந்தும் என்பது எம் கருத்து. பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக்கே செலுத்தும் முறையை மட்டும் மத்தாரேயிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனிக் கணக்கு வழக்கு. படிக்கச் சுவையில்லாத பகுதிதான். ஆயினும் குழுக்கள் உயிர்விடுவது பெரும்பாலும் இங்கேதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். துணை விதிகள் வேண்டும். ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இலாப நோக்கற்ற சங்கம் என்றால் மிச்சப்படும் பணத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள இயலாது என்று பொருள். பணமே மிச்சப்படாது என்று பொருளன்று. இவ்வட்டாரத்தில் ஒரு சுழற்கோப்பைப் போட்டியை நடத்தி முடித்த மறுவாரமே, நன்கொடை ரசீதுப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்ற சண்டையில் சிதறிப்போன அணிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் ஆட்டம் இருந்தது, ஏடு இல்லை. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்ததற்கு நம் பொருளாளர்கள் அரைப் பக்கச் செலவுக்கும் சீட்டுக் கேட்டு நம்மை எரிச்சலூட்டியதும் ஒரு காரணம். ஆகவே கால்பந்துக்குத் தனிச் சங்கம் வேண்டா. இச்சங்கத்தின் ஒரு பிரிவாக, இதே தணிக்கைக்கு உட்பட்டு இருப்பதே நன்று.

செட்டிநாட்டில் இடமில்லை என்று சொல்வதற்கு இடமில்லை. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. அங்குப் பயிலும் மாணவர்கள் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தேடுவார்கள், நாம் பயிற்றுநர்களைத் தேடுகிறோம். சுற்றுக் கிராமங்களில் கோடை வந்தால் வற்றிய கண்மாய்கள் எல்லாம் ஆடுகளங்களே. ஆனால் ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். சீமைக் கருவேல முள்ளோ வாரத்துக்கொரு பந்தைக் குடித்துவிடும். திருவிழாவையொட்டி நடக்கும் போட்டிகளில் அணியின் பெயரைக் கேட்டவுடன் எந்தத் தெரு என்று கணக்கிடும் வழக்கமும் இங்கே ஒழிந்தபாடில்லை. தோற்ற அணி கைகொடுத்துவிட்டுப் போகாமல் வம்புக்கு நிற்பதும் உண்டு. அத்தகைய போட்டிகளுக்கு முதல் மூன்றாண்டுகளேனும் நம் பிள்ளைகளை அனுப்பாமல், பள்ளிகளுக்கிடையேயான ஆட்டங்களில் பள்ளியின் பெயரிலேயே ஆட விடுவது நல்லது. பள்ளிச் சட்டையில் எந்தத் தெருவும் எழுதியிராது. அருகிலுள்ள சிராவயலில் தோழர் ஜீவா இளமையில் ஆசிரமம் நடத்தி, ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பித்ததும், 1927 இல் காந்தியடிகள் அங்கு வந்து அவரைக் கண்டதும் இவ்வட்டாரத்தின் பெருமைகள். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்த இடங்களும் இம்மண்ணில் இருந்தன.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். தாய்மார் இருவர் மூவர் அரைக்கால் சட்டையைக் குறித்துக் கவலை தெரிவித்தார்கள். முழுக்கால் உடுப்போடு ஆடுவதற்கு விதியில் தடை ஒன்றுமில்லை. மேலாடையே கூடாது என்று நம் பாட்டிமார்க்குக் கட்டளையிட்ட அதே மாவட்டத்தில், நம் பெண்கள் எதை உடுத்துவது என்பதை இனி அவர்களும் அவர்களைப் பெற்றவர்களுமே முடிவு செய்யட்டும். பயிற்சி பொழுது சாயுமுன் முடிய வேண்டும், உடன் ஒரு பெண் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்ற இரண்டும் கண்டிப்பாக வேண்டும்.

தொடங்குவதற்கு வேண்டிய பொருள் மிகுதியன்று. எட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு மூன்றாம் எண் பந்து, பன்னிரண்டு வரையுள்ளோர்க்கு நான்காம் எண், அதற்கு மேல் ஐந்தாம் எண். சிறுவனிடம் பெரிய பந்தைக் கொடுத்தால் காலும் நோகும், ஆசையும் போகும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து இருந்தால் சிறப்பு. நான்கு பேருக்கு ஒன்று இருந்தாலும் தொடங்கிவிடலாம். முழு அளவுத் திடல் குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முதலில் அதில் பாதி போதும். காற்றடிக்கும் பம்பு ஒன்று, விசில் இரண்டு, சுண்ணாம்பு ஒரு மூட்டை, முதலுதவிப் பெட்டி, நூறு பக்கக் கோடிட்ட நோட்டு ஒன்று. கடைசியில் சொன்ன நோட்டை முதலில் வாங்குங்கள். இடப்பக்கம் பள்ளி வருகை, வலப்பக்கம் திடல் வருகை. அரசுப் பள்ளித் திடலைப் பள்ளி நேரத்துக்குப் பின் பயன்படுத்த விரும்பினால் விண்ணப்பம் தலைமையாசிரியர்க்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்க்கும் முகவரியிடப்பட வேண்டும். நாள், நேரம், பொறுப்பாளர் இருவரின் பெயர், கதவுச் சாவியை யார் வாங்கி யார் திருப்பித் தருவார் என்பவற்றைத் தெளிவாக எழுதுக. கையொப்பத்துக்குக் கீழே சங்கத்தின் பதிவெண்ணையும் குறிப்பிடுதல் வேண்டும்.